வட்டம் பச்சையாகும் வரை

திங்கட்கிழமை காலை அறிக்கையில், பூச்சியம் இருக்கவேண்டிய இடத்தில் ஒன்று என்று இருந்தது.

பிரியந்தி அதை உடனே கவனிக்கவில்லை. ஹட்டன் நகரில் ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருந்த அந்த இரண்டு அறை அலுவலகத்துக்கு அவள்தான் முதலில் வந்திருந்தாள். ஈரக் குடையை மூலையில் சாய்த்துவிட்டு, ஆறிப்போன வெறுந்தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு, திரையில் இருந்த எண்களைப் படிக்காமலே பார்த்துக்கொண்டிருந்தாள். கார்த்திகை மாதத்துக்குப் பிறகு அவளுக்கு எல்லாவற்றிலும் அப்படி ஒரு பழக்கம் வந்துவிட்டது. கண் பார்க்கும், மனம் பின்னால் எங்கேயோ உட்கார்ந்திருக்கும். மாடிப்படி பதினெட்டும் ஏறி வந்தால் முழங்கால் இரண்டும் நோகும். முப்பத்திரண்டு வயதில் அப்படி நோகக் கூடாது.

மண்சரிவு எச்சரிக்கைக்காகத் தேயிலைத் தோட்டத்து மக்களின் போன்களில் போட்டுக்கொடுத்த செயலி அது. நிலத்தில் வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென்று கலங்கிய ஊற்று, எதைக் கண்டாலும் அதில் ஒரு சிவப்புப் பொத்தானை அழுத்தினால் செய்தி உரிய இடத்துக்குப் போய்விடும். அதைத் திறப்பவருக்கு எந்த இடத்தில் என்ன சொல்வது என்று தீர்மானிப்பது பிரியந்தியின் வேலை. பொத்தானின் ஓரத்தில் சின்னதாக ஒரு குறிப்பு மினுங்கினால் போதுமா, திரையை மறைத்துக்கொண்டு ஒரு பெட்டி எழவேண்டுமா, அல்லது கையைப் பிடித்துக் கூட்டிப்போவதுபோல ஒன்று, இரண்டு, மூன்று என்று படிப்படியாக நடத்த வேண்டுமா. எதை மூடிவிட்டுப் போக விடலாம், எதை மூடவே விடக் கூடாது. இரண்டு வருடமாக அவள் இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள்.

திரையில் இருந்த வரி இதுதான்: பழைய வழிகாட்டல், இப்போது பயன்படுத்துபவர்கள், ஒன்று. நின்றிருக்கும் படி எண், மூன்று.

தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்தாள்.

படிப்படியாக நடத்தும் அந்தப் பழைய வழிகாட்டலை நவம்பரிலேயே அவள் தன் கையால் எடுத்துவிட்டாள். எந்த போனிலும் அது இருக்க முடியாது.

குகநேசன் ஒன்பது மணிக்கு வந்தான். யாழ்ப்பாணத்துக்காரன், செயலியின் உள்வேலை முழுவதும் அவன் பொறுப்பு. அவளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"பழைய போன் ஒண்டு எங்கயாவது கிடந்து, இப்பதான் சிக்னல் கிடைச்சிருக்கும். நான் அதை அழிச்சு விடுறன். நீங்கள் உதையே பாத்துக்கொண்டு இராதேங்கோ," என்றான். அழித்தும் விட்டான். பொங்கலுக்கு ஊருக்குப் போக அன்றிரவு பஸ் பிடிக்க வேண்டும் என்று மத்தியானமே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான்.

அவன் படியிறங்கும் சத்தம் அடங்கிய பிறகு பிரியந்தி பக்கத்தை மறுபடி திறந்தாள்.

ஒன்று. படி மூன்று.

இந்த முறை அவள் உள்ளே போய்ப் பார்த்தாள். அந்த போன் 'அடுத்து' என்ற பொத்தானை அழுத்திய நேரங்கள் வரிசையாக இருந்தன. தினமும் விடியற்காலை ஐந்து நாற்பத்திரண்டுக்குத் தொடக்கம். பிறகு நிமிடத்துக்கு ஒரு தரம். அவசரம் இல்லை, ஆத்திரம் இல்லை. ஒவ்வொன்றுக்கும் கீழே செயலி கொடுத்த ஒரே பதில்: இன்னும் பச்சையாகவில்லை, காத்திருங்கள். பக்கத்தை உருட்டிக்கொண்டே போனாள். ஜனவரி, டிசம்பர், நவம்பர். ஒரு நாளும் விடுபடவில்லை. கடைசியில் பெயர் வந்தது.

காளியாயி. கூனிமலைத் தோட்டம், கீழ்ப்பிரிவு. ஆறாம் நம்பர் லயம், தொங்கல் காம்பரா. தோட்டத்து வரிசை வீடுகளில் கடைசி அறை.

காளியாயி நவம்பர் மண்சரிவில் மண்ணுக்கடியில் போனவள். அவளும் அவளுடைய நாலு வயது மகள் நிலக்ஷியும். இரண்டு உடல்களும் இன்றுவரை எடுக்கப்படவில்லை.

பிரியந்திக்கு அவளை நன்றாக நினைவிருந்தது. முதலில் செயலியில் சின்னக் குறிப்புகள் மட்டும்தான் இருந்தன. ஒருவரும் அவற்றைப் படிக்கவில்லை. கண்டதை அழுத்தினார்கள், பொய் எச்சரிக்கைகள் குவிந்தன. அதனால்தான் அவள் ஐந்து படி வழிகாட்டலைத் தேர்ந்தெடுத்தாள். மூட முடியாது, தாண்ட முடியாது. ஒவ்வொரு படியையும் முடித்தால்தான் சிவப்புப் பொத்தான் வரும். கூனிமலைக் கோயில் மண்டபத்தில் அதைச் சொல்லிக்கொடுக்கப் போனபோது, மகளை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவள் காளியாயி. மற்றவர்கள் சிரித்துப் பேசிக்கொண்டிருக்க, அவள் மட்டும் கொழுந்துக் கறை படிந்த விரலால் ஒவ்வொரு படியாக அழுத்திக் காட்டினாள். பிரியந்தி அவளைத்தான் உதாரணமாகச் சொன்னாள். அது என்ன சொல்கிறதோ அதை அப்படியே செய்யுங்கள், ஒன்றையும் விட்டுவிட்டுப் போகாதீர்கள், இவங்களைப் பாருங்கள் என்றாள்.

மூன்றாம் படி, இருக்கும் இடத்தைச் செயலி கண்டுபிடிப்பதற்கானது. கண்டுபிடித்ததும் திரையில் ஒரு வட்டம் பச்சையாகும். அதை எழுதியவளும் பிரியந்திதான். வீட்டுக்கு வெளியே, வானம் தெரியும் இடத்தில் அசையாமல் நில்லுங்கள். வட்டம் பச்சையாகும் வரை காத்திருங்கள்.

விசாரணைக்கு வந்தவர்கள் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. மழையின் அளவைக் கேட்டார்கள், சரிவின் கோணத்தைக் கேட்டார்கள்.

மறுநாள் அவள் யாரிடமும் சொல்லாமல், கூனிமலைப் பக்கம் போகும் டயகம பஸ்ஸில் ஏறினாள்.

பஸ்ஸின் கண்ணாடி முழுக்க ஆவி படர்ந்திருந்தது. நடுவில் ஒரு திருப்பத்தில் இறங்கி, ஓட்டோ பிடித்து, அதுவும் போகாத இடத்திலிருந்து நடந்தாள். பகல் பதினொரு மணிக்கு வழியெல்லாம் மூடுபனி. தேயிலைச் செடிகளின் மேல்மட்டம் மட்டும் கறுப்பாக மிதந்தது. கொழுந்து வாடும் வாசனை தொழிற்சாலைப் பக்கமிருந்து வந்துகொண்டே இருந்தது, பாதையின் கடைசி வளைவு வரை. வளைவைத் தாண்டியதும் அது நின்றுபோய் வேறொரு வாசனை வந்தது. புரட்டிப் போட்ட மண்ணின் வாசனை. பச்சை மலையில் மேலிருந்து கீழ்வரை சிவப்பாக ஒரு கிழிசல். சரிந்து இரண்டு மாதமாகியும் அதில் ஒரு புல்கூட முளைத்திருக்கவில்லை.

காளியாயியின் புருஷன் சிவசாமி தகரக் கொட்டகை ஒன்றில் இருந்தான். நாற்பது வயது இருக்கும். முகம் அதற்கு மேலே போய்விட்டது. அவளைக் கண்டதும் எழுந்து, மிஸ் வாங்க என்று கூப்பிட்டு, இருந்த ஒரே பிளாஸ்டிக் கதிரையைத் துடைத்துப் போட்டான். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் அவள், அன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்டாள்.

அவன் மெதுவாகச் சொன்னான். அன்றைக்கு அவனுக்குத் தொழிற்சாலையில் இரவு வேலை. விடியும் முன்னே காளியாயி போன் பண்ணினாளாம். வீட்டுக்குப் பின்னால் நிலம் வெடித்திருக்கிறது, நான் அதில் அறிவிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறாள். மேலே மலை கொடகொடவென்று இரைந்ததும் லயத்து ஆட்கள் எல்லோரும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கோயில் பக்கம் ஓடியிருக்கிறார்கள். ஓடினவர்களில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

"எல்லாரும் கூப்பிட்டுருக்காங்க. அவ மட்டும் வாசல்ல நின்னுக்கிட்டு, சின்னவள இடுப்புல வச்சுக்கிட்டு போனையே பாத்துக்கிட்டு இருந்தாளாம். இருங்க, பச்ச வரட்டும், அது அசையக் கூடாதுன்னு சொல்லுதுன்னாளாம்."

தகரத்தின் மேல் தூறல் விழுந்துகொண்டிருந்தது. பிரியந்தி தன் கைகளைப் பார்த்தாள். அழுகை வரவில்லை. அதற்கும் ஒரு தெம்பு வேண்டுமே.

அவள் ஒன்றையும் மறைக்கவில்லை. மூன்றாம் படியை எழுதியது தான்தான் என்றாள். அந்த போன் இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறது, தினமும் அதே நேரத்துக்கு, அதே இடத்தில் நின்றுகொண்டு என்றாள். அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தாள். கத்தினால் நல்லது என்றுகூட நினைத்தாள்.

சிவசாமி தகரத்தில் ஒழுகும் இடத்துக்குக் கீழே ஒரு வாளியை நகர்த்தி வைத்தான்.

"அவளுக்கு ஒங்க மேல அம்புட்டு நம்பிக்க மிஸ். ஒங்கள நான் ஒன்னும் சொல்லல. ஆனா இன்னும் கேக்குறான்னா, ஒரு வழி சொல்லிருங்க. அப்புடியே நிக்க வச்சுட்டுப் போயிறாதீங்க."

அன்று சாயங்காலமே அவள் அலுவலகத்துக்குத் திரும்பினாள். சேறு அப்பிய செருப்போடு மேசையில் உட்கார்ந்து, அந்த ஒரு போனுக்கு மட்டும் போகும்படி எதைப் போடுவது என்று யோசித்தாள். நிறுத்திவிடுங்கள் என்று ஒரு பெட்டி போடலாமா? இரண்டு மாதம் நின்றவளிடம் நிறுத்து என்று சொல்ல மனம் வரவில்லை. கடைசியில் மூன்றாம் படியிலிருந்த காத்திருப்பை எடுத்தாள். வட்டத்தைப் பச்சையாக்கினாள். கீழே ஒரு வரி எழுதினாள்: போதும் அக்கா, நீங்கள் இனி நடக்கலாம். 'அனுப்பு' என்பதை அழுத்தினாள்.

ஒரு நிமிடம் ஆகவில்லை.

படி மூன்று முடிந்தது. படி நான்கு, வெடிப்பைப் படமெடுப்பது, அதுவும் முடிந்தது. வந்த படம் முழுக்கக் கறுப்பாக இருந்தது. ஐந்தாம் படியில் சிவப்புப் பொத்தான் அழுத்தப்பட்டது. பிறகு, பொத்தானை அழுத்தியவர்கள் எல்லோருக்கும் வழக்கமாக வருவதுபோல, செயலி கடைசிச் செய்தியைக் காட்டியது. பாதுகாப்பான இடத்துக்கு வழி காட்டப்படுகிறது, அம்புக்குறியைப் பின்பற்றுங்கள்.

பிரியந்தி கணினியை மூடினாள். நெஞ்சில் இரண்டு மாதமாகக் கிடந்த ஏதோ ஒன்று இளகியதுபோல இருந்தது. வீட்டுக்குப் போய், சாப்பிடாமலே படுத்து, விடியும்வரை அசையாமல் தூங்கினாள்.

புதன்கிழமை காலையில் அறிக்கையில் அந்த ஒன்று நகர்ந்துகொண்டிருந்தது.

சேரவேண்டிய இடத்துக்கு இன்னும் பதினொரு கிலோமீட்டர் என்று இருந்தது. ஒன்றரை மணி நேரம் கழித்துப் பார்த்தபோது பத்தரை கிலோமீட்டர். அவளுக்கு விளங்கவில்லை. கூனிமலைக்காரர்களுக்குக் குறித்து வைத்த பாதுகாப்பான இடம் தோட்டத்துப் பாடசாலை. லயத்திலிருந்து அரை மைல்கூட இல்லை. வரைபடத்தைத் திறந்தாள். அந்த போனைக் காட்டும் புள்ளி பாதையில் இல்லை. ஒற்றையடிப் பாதையில்கூட இல்லை. கூனிமலையிலிருந்து கிளம்பிய கோடு நூல் பிடித்ததுபோல நேராக வந்தது, மலைகள் இருந்த இடத்தில் மலைகளுக்குள், ஆறு இருந்த இடத்தில் ஆற்றுக்கடியில்.

உயரம் என்ற கட்டத்தைப் பார்த்தாள். நிலமட்டத்துக்குக் கீழே.

பாதுகாப்பான இடங்களின் பட்டியலைத் திறந்தாள். பாடசாலை அதில் இல்லை. வகுப்புகள் மறுபடி தொடங்கிவிட்டன, இனி அகதிகளை வைத்திருக்க முடியாது என்று கடிதம் வந்ததால், போன வெள்ளிக்கிழமை அவளேதான் அதை நீக்கியிருந்தாள். வேறு இடம் குறிக்காத பிரிவுகளுக்குச் செயலி பட்டியலின் முதல் வரியை எடுத்துக்கொள்ளும். முதல் வரி, இரண்டு வருடத்துக்கு முன்பு செயலி வேலை செய்கிறதா என்று சோதிக்க அவள் போட்ட முகவரி. அழிக்க மறந்த முகவரி.

ஹட்டனில் அவள் வாடகைக்கு இருக்கும் அறை.

இடத்தை மாற்றப் பார்த்தாள். முடியவில்லை. பயணத்தில் இருப்பவருக்கு இடத்தை மாற்ற இயலாது, சேர்ந்த பின் மாற்றலாம் என்று வந்தது. அதையும் தேர்ந்தெடுத்தவள் அவள்தான். நடுவழியில் அம்பு திரும்பினால் சனங்கள் குழம்பிப் போவார்கள் என்று கூட்டத்தில் அவள் வாதாடி வைத்த விதி. குகநேசனுக்குப் போன் பண்ணினாள். அணைத்து வைத்திருந்தான்.

மிச்சம் இருந்தது ஒரே பொத்தான். நிறுத்து.

அதை அழுத்தினால் பயணம் அங்கேயே நின்றுவிடும். அவர்கள் இப்போது இருக்கும் இடத்தில். ஒரு மலையின் வயிற்றுக்குள், ஒரு பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, அடுத்தது என்ன என்று தெரியாமல், மறுபடியும் நிமிடத்துக்கு ஒரு தரம். அவள் விரலை அந்தப் பொத்தானின் மேல் வைத்துக்கொண்டு சாயங்காலம்வரை இருந்தாள். சிவசாமியின் முகம் கண்ணில் நின்றது. ஐந்து மணிக்கு அலுவலகத்தைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு நடந்தாள். வேறெங்காவது போய்விடலாம் என்று ஒரு நினைப்பு வராமல் இல்லை. யாரும் இல்லாத வீட்டுக்கு அவர்களை வரச்சொன்னதுபோல ஆகிவிடும் என்று அதற்குப் பின்னாலேயே இன்னொரு நினைப்பும் வந்தது.

மறுநாள் பொங்கல். வீட்டுக்காரர்கள் அதிகாலையிலேயே மஸ்கெலியாவில் உறவுக்காரர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். மலைச்சரிவை வெட்டிக் கட்டிய வீடு அது. அவளுடைய அறை கீழ்த்தட்டில், பின்சுவரை ஒட்டி மண் மேடு. காலையில் அயல்வீடுகளில் பால் பொங்கும் கூச்சலும் வெடிச் சத்தமும் கேட்டன, வெல்லம் கருகும் வாசனை ஜன்னல் வழியாக வந்தது, அவள் சோறு வைக்காமல், விளக்கேற்றாமல், கட்டிலில் கால்களைத் தூக்கி வைத்துக்கொண்டு மடிக்கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மத்தியானத்துக்குப் பின் பனி இறங்கி ஜன்னலை வெள்ளையாக அடைத்தது. சத்தங்கள் ஒவ்வொன்றாகத் தூரப் போயின. வெல்லத்தின் வாசனையும் போனது.

மண் வாசனை வந்தது.

எண்ணூறு மீற்றர். அறுநூறு.

சுவரோரம் வைத்திருந்த தண்ணீர்க் குவளையில் வட்ட வட்டமாக அலை எழுந்தது. அடங்கியது. மறுபடி எழுந்தது.

முந்நூறு.

அவளுக்கு எழுந்து ஓட வேண்டும் என்று இருந்தது. கதவு நாலு எட்டுத்தான். கால்கள் கனத்தன. இரண்டு மாதத்துக் களைப்பு முழுவதும் கால்களில் இறங்கியிருந்தது.

எழுபது.

பின்சுவரில் ஈரம் படர்ந்தது. கீழிருந்து மேலாக. இடுப்பளவு.

இருபது.

சத்தமே இல்லை. தரை மட்டும் வெதுவெதுப்பாக இருப்பதுபோலத் தோன்றியது. கட்டிலை விட்டு இறங்கி வெறுங்காலை வைத்துப் பார்த்தாள். வெதுவெதுப்புத்தான். உடம்பின் சூடுபோல.

திரையில் எண் மறைந்தது. நீங்கள் வந்து சேர்ந்துவிட்டீர்கள். வழிகாட்டல் முடிந்தது.

அதற்கு அப்பால் அவள் ஒன்றும் எழுதி வைத்திருக்கவில்லை. வந்து சேர்ந்தவர்களுக்குச் சொல்ல என்ன இருக்கிறது என்று அப்போது நினைத்திருந்தாள்.

கட்டிலுக்கும் மேசைக்கும் நடுவே, சிவப்புச் சீமெந்துத் தரையில், மயிரிழைபோல ஒரு கோடு விழுந்தது. அகன்றது. சேறு ஊறி மேலே வந்தது, மெல்ல, பால் ததும்புவதுபோல. அவள் முழங்காலில் உட்கார்ந்தாள். ஓடவில்லை.

"அக்கா," என்றாள்.

சேற்றிலிருந்து ஒரு விரல் நீண்டது. நகத்தைச் சுற்றிக் கறுப்பு. அது தரையைத் தடவியது. ஓர் இடத்தில் நின்றது. அழுத்தியது. காத்திருந்தது. மறுபடி அதே இடத்தில் அழுத்தியது. அவசரம் இல்லை. ஆத்திரம் இல்லை.

அதற்குப் பக்கத்தில் சேறு இன்னொரு தரம் அசைந்தது. மிகச் சின்னதாக ஒரு விரல் வெளியே வந்து, பெரியது செய்வதைப் பார்த்துப் பழகியதுபோல, அதே இடத்தைத் தேடித் தேடி அழுத்தத் தொடங்கியது.